சகலையின் அதிர்வும் என் அப்டேட்டும்

கர்க்லாண்ட், வாஷிங்டன்
ஏப்ரல் 3, வியாழன்

மதிப்பிற்குரிய மைத்துனர் ஆரின் அவர்களின் சமூகத்திற்கு,

கர்க்லாண்டிலிருந்து வெண்டெல் டாலஃப்சன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் தங்கள் மூத்த தங்கை வெர்னாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே மைனாட்டில் இன்னும் வாசற்படி உயரத்துக்குப் பனி கிடப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். முழங்காலில் கத்தி வைத்துக்கொண்ட மனிதர் பனி வாரப் போகக் கூடாது என்று வெர்னா டெல்மா அக்காவிடம் போனில் இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். தாங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

நிற்க. இந்தக் கடிதத்தை நான் பொறாமையினால் எழுதவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். பொறாமை என்றுதான் வெர்னா சொல்கிறாள். ரூடி சாண்ட்விக் தங்கள் இளைய தங்கை ஆர்லிஸின் கணவன், எனக்குச் சகலை; அவன்மேல் எனக்கு என்ன பொறாமை? அவன் தலையில் இன்னும் முடி இருக்கிறது, இருக்கட்டும். அவன் வீட்டுக் கொல்லையிலிருந்து ஏரி தெரிகிறது, தெரியட்டும். தாங்களும் டெல்மா அக்காவும் வருஷா வருஷம் இங்கே வரும்போது அவன் வீட்டில்தான் தங்குகிறீர்கள், அதைப் பற்றிக்கூட நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மார்ச் மாதம் நார்வே சங்கத்தில் நடந்த அநியாயத்தைக் குடும்பத்துக்குப் பெரியவரான தங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தாங்கள் அறிந்ததுதான், நானும் ரூடியும் ஆல்டர்மியர் கம்பெனியில்தான் வேலை பார்த்தோம். நான் இருபத்தொன்பது வருஷம், அவன் இருபத்திரண்டு. நான் கம்ப்யூட்டரை ஓட்டுகிற இயங்குதளப் பிரிவு, அவன் பாப்கேட் என்ற விளையாட்டுக் கன்சோல் பிரிவு. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு கால்பந்து மைதானம்தான். இயங்குதளம் என்றால் அதில் ஆயிரம் பேருக்கு ஆயிரம் வேலை. என் வேலை, அப்டேட் வந்தால் கம்ப்யூட்டரை எப்போது அணைத்து எப்போது திரும்ப எழுப்புவது என்று தீர்மானிப்பது. அந்த நேரத்தில் திரையில் 'தயவுசெய்து அணைக்காதீர்கள்' என்று ஒரு வரி வருமே, அதை எழுதியவன் நான்தான். அந்தத் 'தயவுசெய்து' வேண்டும் என்பதற்காக மூன்று கூட்டங்களில் தனியாக நின்று சண்டை போட்டிருக்கிறேன். ரூடியின் வேலை என்ன? விளையாடுகிறவன் கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலர், கார் சுவரில் மோதினால் கடகடவென்று அதிரும், குதிரை ஓடினால் தடதடவென்று அதிரும். அந்த அதிர்வு அவனுடையது. அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் ஒரு மனிதன் நடுக்கம் பண்ணியிருக்கிறான்.

ஆனால் ஊர் எங்களை எப்படி நடத்துகிறது பாருங்கள். போன வருஷம் ஒரு கடைவாய்ப்பல்லுக்காக டாக்டர் பெல்லமியிடம் போனேன். அவர் என் வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு கருவியை உள்ளே செருகிவிட்டு, "எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். நான் எப்படிப் பதில் சொல்வது? கூட வந்திருந்த வெர்னா, "ஆல்டர்மியர்ல டாக்டர். அப்டேட் வந்தா கம்ப்யூட்டர் நின்னு கிளம்புமே, அது இவரோடதுதான்" என்று பெருமையாகச் சொன்னாள். டாக்டரின் கை அப்படியே நின்றுவிட்டது. "நவம்பர்ல ஒரு அம்மாவுக்கு வேர் சிகிச்சை. எக்ஸ்ரே படம் திரையில இருக்கு. பாதி தோண்டியாச்சு. படம் போச்சு. தயவுசெய்து அணைக்காதீர்கள்! நாப்பது நிமிஷம் சார். அந்த அம்மா வாயைத் திறந்தபடி, நான் கையைத் தூக்கினபடி, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம்" என்றார். வேலை நேரம் இன்னதென்று குறித்து வைத்துவிட்டால் அந்த நேரத்தில் அப்டேட் வராது, அதற்கு நாங்கள் வழி வைத்திருக்கிறோம் என்று விளக்கப் பார்த்தேன். வாயில் கருவி இருந்ததால் ஆடு கத்துவதுபோல் ஏதோ சத்தம் வந்தது. அடுத்த வாரம் அதே நாற்காலியில் ரூடி போய் உட்கார்ந்தான். அதிர்வு அவனுடையது என்று தெரிந்ததும் டாக்டர் வேலையாட்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டாராம். போகும்போது ஒரு மின்சாரப் பல்துலக்கியைக் கையில் கொடுத்து, "இதுவும் உங்க குடும்பம்தானே சார்" என்றாராம். ரூடியே என்னிடம் வந்து சொன்னான், அந்தத் துலக்கியையும் காட்டினான்.

சங்கத்துக்கு வருகிறேன். நம் முன்னோர் வந்த நார்வேயின் பேரில் நாங்கள் நடத்தும் சங்கத்து மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு, தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். பழைய பனிச்சறுக்குக் கட்டை, திமிங்கில ஈட்டி எல்லாம் இருக்கும். அதில் கீழ்த்தட்டு காலி. தலைவி சோல்வேக் பிரெக்கி ஜனவரிக் கூட்டத்தில் எழுந்து, "எல்லாம் செத்துப்போனவங்க சாமானாவே இருக்கு. நம்ம காலத்துது ஒண்ணு வைக்கணும். ஆல்டர்மியர் ஆளுங்கதான் இங்க பாதிப்பேர். எதை வைக்கறதுன்னு மேடையில அடிச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க" என்றார். அப்படித்தான் பட்டிமன்றம் ஏற்பாடாயிற்று: ஆல்டர்மியரின் சாதனை இயங்குதளமா, கன்சோலா? கன்சோல் பக்கம் பேச ரூடி கையைத் தூக்கினான், மண்டபமே விசில் அடித்தது. இயங்குதளப் பக்கம் பேச யார் என்று கேட்டபோது, அந்தப் பிரிவில் வேலை பார்த்த பதினேழு பேரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். ஒருவருக்கு அன்றைக்குப் பார்த்துக் கண் ஆபரேஷன், ஒருவருக்கு அலாஸ்காவில் கல்யாணம். கடைசியில் நான்தான் எழுந்தேன். யாரும் விசில் அடிக்கவில்லை. "பாவம்" என்று ஒரு குரல் கேட்டது. அது வெர்னாவுடைய குரல் மாதிரி இருந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு வாரம் தயார் செய்தேன். லேப்டாப்பில் படங்கள் போட்டு வைத்தேன். "பேசாம காகிதத்துல எழுதி எடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் வெர்னா. "காகிதத்தைக் கொண்டுபோனா நான் எந்தக் கட்சின்னு அர்த்தம்?" என்று கேட்டேன். ஊரார் எதை எதிர்பார்த்து வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? மூன்று நாள் முன்பிருந்தே எல்லா அப்டேட்டையும் வரவழைத்து, இன்னும் ஏதாவது உண்டா உண்டா என்று கேட்டுக் கேட்டு, கம்ப்யூட்டரே அலுத்துப்போய் ஒன்றுமில்லை என்று சொல்லுமளவுக்குச் செய்து வைத்தேன். அன்று மேடையில் அது பட்டுப்போல ஓடியது. மருத்துவமனை, விமான நிலையம், எங்கள் மாநிலத்துப் படகுச் சேவையின் நேர அட்டவணை, எல்லாம் எதன்மேல் ஓடுகிறது என்று வரிசையாகக் காட்டினேன். குறையையும் மறைக்கவில்லை. நான்காம் பதிப்பு ஆமையாக நகர்ந்தது என்றேன். ஆறாம் பதிப்பில் எல்லோருக்கும் பழகிப்போன திரை மூலைப் பொத்தானை எடுத்துத் தொலைத்தோம், அது தப்புத்தான் என்றேன். ஒரு மணி நேரத்துக்கு இயங்குதளம் ஓடாவிட்டால் இந்த நாட்டில் எவனும் விமானம் ஏற முடியாது, ஊசி போட்டுக்கொள்ள முடியாது, சம்பளம் வாங்க முடியாது என்று முடித்தேன். இருபது நிமிஷம், ஒரு தடங்கல் இல்லை. ஜனங்கள் முகத்தில் என்ன தெரிந்தது தெரியுமா? ஏமாற்றம்! மூன்றாம் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், "இது எப்ப நிக்கும்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் கேட்டது என் பேச்சைப் பற்றியா கம்ப்யூட்டரைப் பற்றியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு ரூடி வந்தான். கலைமான் போட்ட ஸ்வெட்டர். எழுதி ஒன்றும் எடுத்து வரவில்லை. ஒரு பாப்கேட்டைக் கையில் தூக்கிவந்து, திரையில் மாட்டிப் பொத்தானை அமுக்கினான். என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? 'அப்டேட் தேவை. தயவுசெய்து அணைக்காதீர்கள்.' ஆரின் மச்சான், என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, என் கல்யாணத்தன்று வந்ததைத் தவிர. எழுந்து நின்று, "இப்ப என்ன சொல்றீங்க?" என்று சபையைப் பார்த்துக் கேட்டேன். சோல்வேக் என்ன சொன்னார் தெரியுமா? "ஐயோ பாவம், அது என்ன பண்ணும்! வாங்க, அது முடியறதுக்குள்ள காபி குடிச்சுட்டு வந்துரலாம்." எல்லோரும் எழுந்து போய் லெஃப்ஸ ரொட்டியும் ருபார்ப் கேக்கும் சாப்பிட்டார்கள். முப்பத்தொரு நிமிஷம். சங்கத்து வரலாற்றிலேயே இவ்வளவு கலகலப்பாக ஒரு கூட்டம் நடந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். என் மெஷின் ஒழுங்காக ஓடினால் குற்றம், அவன் மெஷின் நின்றுபோனால் விருந்து. இது எந்த ஊர் நியாயம்?

திரும்பி வந்து உட்கார்ந்ததும் நான் விடவில்லை. ஆறு வாரமாக மடியில் கட்டி வைத்திருந்த வாதத்தை எடுத்து வீசினேன். "சபையோரே, இந்த பாப்கேட்டுக்கு உள்ள ஓடறது எது? எங்க இயங்குதளம்தான்! பேரை மாத்தி, சட்டையை மாத்திப் போட்டிருக்காங்க. அஸ்திவாரம் எங்களோடது. அப்போ கன்சோல் ஜெயிச்சாலும் ஜெயிச்சது யாரு?" முன்வரிசையில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ரூடி காபியை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாக, "ஆமா சகலை. அதனாலதான் அப்டேட் கேக்குது" என்றான்.

சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் நிதானம் தவறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். "ரெண்டாவது பாப்கேட் சூடாகிச் சூடாகி நின்னுதே, அதைச் சொல்லேன்!" என்று கத்தினேன். "சொல்றேனே, என் வீட்டிலயே ரெண்டு போச்சு" என்றான் அவன். "ஆனா ஜனங்க அதைத் திட்டிக்கிட்டே மறுபடியும் போய் வாங்கினாங்க. உன்னோடதைத் திட்டிக்கிட்டே வச்சிருக்காங்க. ஆசைப்பட்டு வாங்கறது வேற, தலையெழுத்தேன்னு வச்சுக்கறது வேற." "மூணாவது பாப்கேட்ல விளையாட்டு டிஸ்க்கைச் சிநேகிதனுக்குக் கடன் கொடுக்க முடியாதுன்னு சட்டம் போட்டீங்களே?" "ஒரே வாரத்துல வாபஸ் வாங்கினோமே! நீங்க அந்த மூலைப் பொத்தானைத் திருப்பிக் குடுக்க மூணு வருஷம் ஆச்சு." இப்படியே போய்க்கொண்டிருந்தபோது பின்வரிசையில் யாரோ, "கம்பெனி ஒரு போன் தயாரிச்சு அது விலைபோகாமப் போச்சே, அதை யார் தலையில எழுதறது?" என்று கேட்டார்கள். நான் ரூடியைக் காட்டினேன். அதே நொடியில் அவன் என்னைக் காட்டினான். அன்று முழுக்க நாங்கள் இருவரும் ஒரே மாதிரிச் செய்தது அது ஒன்றுதான்.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிதில்லை மச்சான். முடிவில் சோல்வேக், யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்றார். ஹார்லன் ஆஸ்கி எழுந்தான். படகுச் சேவையில் கயிறு கட்டும் வேலையில் இருந்தானே, வாட்டசாட்டமாக, அவன்தான். இரண்டு வருஷம் முன்னால் பக்கவாதம் வந்து வலது கை மரத்துப்போனது. எழுந்து நிற்கவே நேரம் ஆயிற்று. மெதுவாகத்தான் பேசுவான். "எனக்கு இந்தக் கம்பெனிச் சண்டை ஒண்ணும் புரியல" என்றான். "ஆஸ்பத்திரியில எட்டு மாசம் இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது. வெந்நீர்னு தெரியாது, ஐஸ்னு தெரியாது. பயிற்சி குடுக்கற பொண்ணு ஒருநாள் இந்த கன்ட்ரோலரைக் கையில வச்சுக் கட்டிவிட்டா. ஒரு குதிரை ஓடுச்சு. அப்ப இந்தக் கையில, இதோ இந்த ரெண்டு விரல்ல, ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. எட்டு மாசத்துல மொத மொதல்ல. நான் அழுதுட்டேன். அந்தப் பொண்ணும் அழுதுச்சு." அவ்வளவுதான் சொன்னான். பிறகு அந்த வலது கையைத் தூக்கி இடது கையில் தட்டினான். சத்தமே வரவில்லை. ஆனாலும் தட்டினான்.

கை தட்டலை வைத்துத்தான் வெற்றி தோல்வி என்று முன்பே பேசியிருந்தோம். மண்டபம் இடிந்துவிடும்போல் தட்டினார்கள். ரூடி தட்டவில்லை, தலையைக் குனிந்து நின்றான். நான் அந்த இரைச்சலுக்கு நடுவில் ஏதோ பக்கத்தில் படபடவென்று கேட்கிறதே என்று குனிந்து பார்த்தேன். என் கைகள் தட்டிக்கொண்டிருந்தன. என்னை ஒரு வார்த்தை கேட்காமல்!

வீட்டுக்கு வரும் வழியில் காரில் வெர்னாவிடம், "நீ யாருக்குத் தட்டினே?" என்று கேட்டேன். "நீங்க யாருக்குத் தட்டினீங்களோ அவருக்குத்தான்" என்றாள். "நான் ஹார்லனுக்குத் தட்டினேன்." "நானும் ஹார்லனுக்குத்தான் தட்டினேன். இப்போ ரோட்டைப் பாத்து ஓட்டுங்க." அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் எனக்கு முடியவில்லை. இருபத்தொன்பது வருஷம் நான் செய்த வேலையில் ஒரு மனிதனுக்காவது ஒரு விரலிலாவது உயிர் வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஹார்லனின் படுக்கை ஓரத்து மெஷின்கள் எல்லாம் எங்கள் இயங்குதளத்தில்தான் ஓடியிருக்கும். எட்டு மாசம் அவன் நாடியைக் கணக்குப் பார்த்தது நாங்கள். அதற்காக யாராவது எழுந்து அழுவார்களா? தண்ணீர் வருகிறதென்று குழாய்க்கு யார் நன்றி சொல்கிறார்கள்? நின்றுபோனால்தான் எங்கள் ஞாபகமே வரும். சரி, பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுதிவிட்டேன். இனி அதை அடித்துத் திருத்த மாட்டேன்.

இப்போது அந்த கன்ட்ரோலர் கண்ணாடி அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில், 'ரூடி சாண்ட்விக்' என்ற அட்டையோடு திமிங்கில ஈட்டிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. சங்கத்துக்கு நான் போவதில்லை. ரூடியோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. ஒருநாள் மளிகைக் கடையில் எதிரே வந்தான். நான் தக்காளி ஊறுகாய் வரிசைக்குள் போய் நின்றுகொண்டேன், எனக்குத் தக்காளி ஊறுகாய் பிடிக்காது. ஆர்லிஸ் இரண்டு தரம் போன் செய்து, "என்ன அத்தான் சின்னப் பிள்ளைங்க மாதிரி?" என்று கேட்டாள். மூன்றாம் தரம் மணி அடித்தபோது நான் குளிக்கிறேன் என்று சொல்லும்படி வெர்னாவிடம் சொன்னேன். வெர்னா, "அவரே சொல்லச் சொன்னாரு, குளிக்கறாராம்" என்று சொன்னாள்.

ஆகவே தாங்கள் எனக்காக மூன்று காரியம் செய்ய வேண்டும். முதலாவது, இந்த வருஷம் இங்கே வரும்போது எங்கள் வீட்டில் தங்க வேண்டும். ஏரி தெரியாது, ஆனால் அண்டை வீட்டாரின் செர்ரி மரம் நன்றாகத் தெரியும். இரண்டாவது, ஏப்ரல் கடைசியில் ட்ரவுட் மீன் பிடிக்க ஏரி திறந்ததும் பத்தொன்பது வருஷமாக மூன்று பேரும் ரூடியின் படகில் போகிறோமே, இந்தத் தரம் நாம் இரண்டு பேர் மட்டும் கரையிலிருந்தே பிடிப்போம். மூன்றாவதாக, தாங்கள் ரூடிக்கு ஒரு கடிதம் எழுதி, குடும்பத்துக்குப் பெரியவர் என்ற முறையில், சாதனை என்று பார்த்தால் அது இயங்குதளம்தான் என்று திட்டவட்டமாகத் தெரிவிக்க வேண்டும். காரணம் ஒன்றும் எழுத வேண்டாம். தங்கள் வார்த்தை போதும், அவன் கேட்டுக்கொள்வான்.

டெல்மா அக்காவுக்கு என் அன்பு. தங்கள் முழங்கால் கோடைக்குள் மாடிப்படி ஏறி இறங்கவும், வசந்தத்தில் கோதுமை நல்லபடி முளை விடவும் ஞாயிறுதோறும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். வெர்னா முத்தம் அனுப்புகிறாள். இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

என்றும் தங்கள் அன்பையும் நியாயத்தையும் நம்பியிருக்கும்,
வெண்டெல்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டப்போகும் சமயம் வாசல் மணி அடித்தது. ரூடி நின்றான், மழையில், தொப்பி இல்லாமல். "சகலை, உள்ள வரலாமா?" என்றான். வந்து உட்கார்ந்து, சட்டைக் கையால் தலையைத் துவட்டிக்கொண்டான். பிறகு, "எனக்கு உன்மேல பொறாமைடா" என்றான். நான் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "பாப்கேட் வாங்கறவங்கள்ல பாதிப்பேர் மொத நாளே அதிர்வை அணைச்சு வச்சிடறாங்க, பாட்டரி சீக்கிரம் தீருதுன்னு. கம்பெனியே கணக்கெடுத்துச்சு. எனக்கு இருபத்திரண்டு வருஷத்துல ஒரு ஹார்லன். உன்னை உலகமே திட்டுது. நீ இல்லாம முடியலன்னுதானே திட்டுது? என்னை எவனாவது ஒரு தரம் திட்டியிருக்கானா? சிரிச்சுக்கிட்டே படம் எடுத்துட்டுப் போயிடறான்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான், ஆனால் கொஞ்சம்தான். வெர்னா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகையால் மேலே எழுதியது எல்லாவற்றையும் ரத்து என்று எண்ணிக்கொள்ளுங்கள். வழக்கம்போல அவன் வீட்டிலேயே தங்குங்கள், அவன் படகிலேயே போவோம், யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் போனேன். ஆனால் பேச்சுவாக்கில் ரூடி ஒன்று சொன்னான்: போன திங்கட்கிழமை அவனும் என்னைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டானாம். ஒன்பது பக்கமாம். அவனுடைய ஒன்பது பக்கம் உங்கள் கையில் இருக்கும்போது என்னுடைய ஆறு பக்கமும் அங்கே இருப்பதுதானே நியாயம்? இரண்டையும் படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடுங்கள். எது நன்றாக எழுதியிருக்கிறது என்று எனக்கு மட்டும் ஒரு வரி போடுங்கள், மச்சான். அவனுக்குப் போட வேண்டாம்.